படுக்கையும் பசியாறலும்

பாஸ்போர்ட் என்றாள் முகப்பில் இருந்த பெண்.
அடையாள அட்டையை நீட்டினேன்.
அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
இரண்டு பெட்டிகளையும்
அவற்றின்மேல் உட்கார்ந்திருந்த ரைஸ்குக்கரையும் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
நல்ல பெண்.

பேரேட்டில் இரண்டு கட்டங்கள்:
எங்கிருந்து, எங்கே.
எனக்கு மேல் வரியில் ஒருவர்
பெர்லினிலிருந்து மெல்பர்னுக்குப் போகிறார், சைக்கிளோடு.
நான் எழுதினேன்:
தெம்பனிஸ். பொங்கோல்.

பழைய சாவியைத் திங்கட்கிழமை கொடுத்தாயிற்று.
புதுச் சாவி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதானாம்.
இடையில் பதினோரு இரவுகள்
யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தன.
ஜூ சியாட்டில் ஒரு கடைவீட்டு மாடி,
அறை எண் 3A.
மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்
நான்கு வேண்டாமென்று எவரோ ஒதுக்கிய இடத்தில்
கால் நீட்டிப் படுத்தேன்.

ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்,
சுவரில் ஏர்கான் பெட்டி,
பெட்டியின் தலையில் ஒரு மைனா.
கதவின் உட்புறம் ஒட்டிய தாளில்
டுரியான் கூடாது,
ஈரத்துணி உலர்த்தக் கூடாது,
பத்துமணிக்கு மேல் உரக்கப் பேசக் கூடாது.
யாரோடு பேச?

விற்ற பணத்தில் சரிபாதி தனசீலனுக்கு.
பேசித் தீர்த்துக்கொண்டோம், வக்கீலுக்கே ஆச்சரியம்.
சாப்பாட்டு மேசையைத்தான் பாதியாக்க முடியவில்லை.
ஆளுக்கொரு பக்கம் பிடித்து
புளோக்கின் கீழ்த்தளத்தில் இறக்கி வைத்தோம்.
சாயங்காலத்துக்குள் எவரோ தூக்கிப் போயிருந்தார்கள்.
இருபத்தாறு வருடத்தில்
நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது,
கூடவே, ஒருமுறைகூட
"உன் பக்கம் தாழ்த்து" என்று கத்தாமல் செய்த முதல் வேலை.

குணவதி ஜோகூரிலிருந்து வருகிறவள்.
நாலு மணிக்கே பாலம் தாண்டி
ஏழரைக்கு ரொட்டி வாட்டுகிறாள்.
காயா, அரைவேக்காட்டு முட்டை, கோப்பி-ஓ.
"பசியாறியாச்சா அக்கா?"

கரண்டி கையிலேயே நின்றது.
அந்தக் கேள்வியைக் காலைதோறும்
கேட்கிறவளாகவே இருந்திருக்கிறேன்.
பதில் சொல்லிப் பழக்கமில்லை.
"ஆச்சு" என்றேன், ஆகாமலே.
"நீ?"
"எல்லாரும் முடிச்சு, பத்துக்கு மேலதான்."

ஐந்தாம் நாளிலிருந்து நானும் பத்துக்குமேல் இறங்கினேன்.
அடுப்படியில் நின்றபடி இருவரும்
கருகின ஓரங்களைத் தின்றோம்.
ருசி ஓரத்தில்தான் என்றாள் அவள்.
அப்படியொன்றும் இல்லை.
ஆனாலும் தின்றோம்.

சுராபாயாக்காரர் ஹர்த்தோனோ
மனைவியின் கண் ஆப்பரேஷனுக்காக வந்தவர்.
கடல் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார்.
மாடிப்படிப் படத்தில்
இரண்டு தெரு தள்ளி அலை இருந்தது.
பிறகு மண் கொட்டி
அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.
"வாங்க, காட்டுறேன்" என்று கிளம்பி
இரண்டு தடவை தப்பான தெருவில் திரும்பினேன்.
விரைவுச்சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை,
அதில் அவர் இருமினால் ஐந்து பேர் இருமினார்கள்.

கரையேறினால் கப்பல்கள்.
நங்கூரம் போட்டு, விளக்கேற்றி,
துறைமுகம் கூப்பிடும்வரை
வரிசையாய், சும்மா.
எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம் சொல்லவில்லை.
இந்த ஊருக்கு முதல்முறையா என்று மலாயில் கேட்டார்.
ஆமாம் என்றேன்.
பொய் என்று பின்னால்தான் தோன்றியது,
அதுவும் உறுதியாக இல்லை.

வெள்ளிக்கிழமை மழை.
ரைஸ்குக்கரைக் குணவதியிடம் விட்டேன்.
முகப்பில், பையைத் துழாவி
சாவியை மேசைமேல் வைத்தேன்.
சின்னது, துருப்பிடித்தது,
தெம்பனிஸ் வீட்டுத் தபால்பெட்டிச் சாவி.
எண்ணிக் கொடுத்ததில் எப்படித் தப்பியதோ.

அந்தப் பெண் ஒரு விரலால்
அதை என் பக்கமே தள்ளினாள்:
"இது எங்களுடையது இல்லை."